வகுப்பறையைக் கேலி செய்யும் வார இதழ்

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் டி.சி. தாம்சன் நிறுவனம் 1938 ஜூலையில் தொடங்கிய சிரிப்புப் படக்கதை இதழ் 'தி பீனோ'. இன்றும் வருகிறது. இரண்டாம் உலகப்போரின் காகிதத் தட்டுப்பாட்டில், இதுவும் அதே நிறுவனத்தின் 'தி டாண்டி'யும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மாறி மாறி வந்தன, நிற்கவில்லை.

ஆசிரியர்கள் அறிய வேண்டியது, 1954இல் லியோ பாக்ஸெண்டேல் தொடங்கிய, பின்னர் 'பாஷ் ஸ்ட்ரீட் கிட்ஸ்' எனப் பெயர் மாறிய தொடர். ஒரே வகுப்பு, அடங்காத பிள்ளைகள், சதுரத் தொப்பி ஆசிரியர். பெரும்பாலும் ஏமாறுபவர் அவர்தான். (நம்மைக் கேலிப்படம் வரையாத கடைசிப் பெஞ்சு எந்தப் பள்ளியில் இருக்கிறது?) பழைய பீனோ கதைகள் பலவற்றில் குறும்புக்கு முடிவில் அடி விழும், பின்னாளில் அந்த முடிவே கைவிடப்பட்டது.

பத்தியின் மூன்றாம் வரியில் திணறும் மாணவன், இத்தகைய கதையை முழுதாக முடித்துவிடுகிறான். தெரியாத சொல்லின் பொருளைப் படம் ஊகிக்க வைக்கிறது. 'டமார்' என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. சிரிப்பு வந்தால் பொருள் புரிந்தது என்று அர்த்தம், தனித்தேர்வு எதற்கு?

மேசைக்கடியில் பிடிபடும் படக்கதையைப் பறித்துப் பூட்டிவைக்கிறோம். அதன் ஒரு பக்கத்தை நகலெடுத்து, பேச்சுக் குமிழ்களை வெள்ளைத்தாளால் மறைத்து, உரையாடலை எழுதச் சொல்லலாம். ஆறாம் வகுப்பில் வினாக்குறியும் வியப்புக்குறியும் இடம் மாறாமல் விழுவதற்கு எனக்கு உதவிய பயிற்சி இது. முதலில் எழுதி முடிப்பவன், பெரும்பாலும் அந்த இதழின் சொந்தக்காரன்.