அறிவின் அளவுகோல் – 14: 66 ஆண்டு கழித்து அதே பரீட்சை

ஒரு சோதனையில் தேறுகிறவர் பெரும்பாலும் மற்றதிலும் தேறுவார், அதற்கு அடியில் இருப்பது பொது அறிவுத்திறன் என்று உளவியலாளர் ஸ்பியர்மன் 1904-இல் சொன்னதைப் போன வாரம் பார்த்தோம். அந்தக் கணக்கு ஒரே ஆளுக்கு, நாளுக்கு நாள், பொருந்துமா? அதற்கு முன் ஸ்காட்லாந்துக்குப் போய்வந்தே ஆக வேண்டும்.

1932 ஜூன் 1. 1921-இல் பிறந்து ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கிட்டத்தட்ட அத்தனை பேரும் ஒரே நாளில் ஒரே அறிவுச் சோதனையை எழுதினார்கள். 87,498 பேர்! விடைகளுக்குக் கிடைத்த மதிப்பெண்கள் பதிவேடுகளில் ஏறின. பிறகு பல பத்தாண்டுகள் அவற்றை யாரும் பெரிதாகத் தேடவில்லை.

ஆய்வாளர்கள் இயன் டியரியும் லாரன்ஸ் வேலியும் தேடினார்கள். 1998 ஜூன் 1 அன்று, சரியாக 66 ஆண்டு கழித்து, அபெர்டீன் நகரின் மியூசிக் ஹாலில் அதே கேள்வித்தாள், அதே 45 நிமிடக் கெடு. பதினொரு வயதில் வகுப்பறையில் எழுதியவர்கள் 77 வயதில் மறுபடி பென்சில் எடுத்தார்கள். நடுவே ஓர் உலகப் போர், உத்தியோகம், பேரன் பேத்திகள் எல்லாம் வந்து போயிருந்தன. அரங்குக்கு வர முடியாத சிலருக்கு வேறிடத்தில் நடத்தியதையும் சேர்த்து 101 பேர். இரண்டு மதிப்பெண்களுக்கும் இடையே ஒட்டுறவு (1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை) 0.63. பதினொரு வயதில் முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் 77 வயதிலும் முன்னால்தான்.

உளவியலில் இதற்கு இணையான ஆய்வு அபூர்வம். ஆனால் 0.63 சொல்வது வரிசையை மட்டுமே. அந்த முதியவர்களின் சராசரி மதிப்பெண் பதினொரு வயதில் இருந்ததைவிடக் கூடியிருந்தது. அது அந்த எண்ணில் தெரியாது. எல்லோரும் ஒரே அளவு ஏறினாலும் இறங்கினாலும் ஒட்டுறவு அசையாது. தனி ஆளின் மாற்றம் அதற்குள் இல்லை.

உளவியல் ஆய்வாளர் பீட்டர் மோலனார் 2004-இல் கிளப்பிய சர்ச்சை இதுதான்: பலரை ஒப்பிட்டுக் கிடைக்கும் அமைப்பு ஒருவருக்குள் காலப்போக்கில் நடப்பதற்குப் பொருந்துவது கணித ரீதியாகவே அபூர்வம். தட்டச்சைப் பாருங்கள். பலரை ஒப்பிட்டால், வேகமாக அடிப்பவரிடம் பிழை குறைவு, அவர் கைதேர்ந்தவர். அதே ஆள் தன் வழக்கமான வேகத்தை மீறி அடித்தால் பிழை கூடும். பலருக்குள் ஒரு திசை, ஒருவருக்குள் எதிர்த்திசை!

அறிவுத்திறனிலும் அப்படியா என்று பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் சோதித்தார்கள். இளைஞர்கள் சுமார் 100 நாள் அமர்ந்து அதே வகைச் சோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். 2020-இல் ஃபுளோரியன் ஷ்மிடெக் குழு வெளியிட்ட முடிவு: ஒருவருக்குள் திறன்கள் ஏறி இறங்கும் அமைப்பு பலரை ஒப்பிட்ட அமைப்போடு ஒத்துப்போகவில்லை, ஆளுக்கு ஆளும் வேறுபட்டது.

அந்த நூறு நாளில் என்ன சோதித்தார்கள், எப்படிக் கணக்கிட்டார்கள் என்பது அடுத்த வாரம்.