ஃப்ரீசர் காவல் போர்டும் அடிக்கடி அறும் வைஃபையும்

நமது உறுப்பினர்கள் பலரின் கடைகளில் ஐஸ்கிரீம், வெண்ணெய், பனீர் வைக்க ஃப்ரீசர் உள்ளது. குளிர் குறைந்தால் செல்போனுக்குத் தகவல் அனுப்பும் சிறு கருவியை, இன்ஜினீயரிங் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளே குறைந்த செலவில் செய்து தருகின்றனர். இதற்குப் பெரும்பாலும் சீனாவின் ஷாங்காயைச் சேர்ந்த எஸ்ப்ரெசிஃப் நிறுவனத்தின் சிப் பொருத்திய போர்டுதான் பயன்படுகிறது. 2014ல் பரவலான இ.எஸ்.பி. 8266, 2016ல் வந்த இ.எஸ்.பி. 32 ஆகிய இரண்டுமே கடை வேலைக்குப் போதுமானவை.

ஆனால் நாலு நாள் ஒழுங்காக இருந்துவிட்டு ஐந்தாம் நாள் வைஃபை அறுந்து கிடக்கும். தகவல் வராததால் எல்லாம் நலம் என்று நாம் தூங்கிவிடுவோம். காலையில் ஷட்டரைத் தூக்கினால் சரக்கு தண்ணீராய் நிற்கும்.

உடனே போர்டு மட்டம் என்று தூக்கி எறிய வேண்டாம். ரூட்டர்காரரோடும் சண்டை வேண்டாம். நாங்கள் பார்த்தவரை முதல் குற்றவாளி கரண்ட்தான். இந்தச் சிப் 3.3 வோல்ட்டில் ஓடுவது. சும்மா இருக்கும்போது கொஞ்சமாகக் குடிக்கும். வைஃபையில் தகவல் அனுப்பும் நொடியில் இ.எஸ்.பி. 32 சுமார் 240 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். ஆகவே 500 மில்லி ஆம்பியருக்குக் குறையாமல் தரும் சப்ளை வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். நாமோ பிளாட்பாரத்தில் வாங்கிய சார்ஜரையும், நூல் போன்ற நீளமான ஒயரையும் மாட்டிவிடுகிறோம். இழுக்கும் நொடியில் வோல்ட் இறங்கி போர்டு அணைந்து மறுபடி எழும். லேப்டாப்பில் சொருகினால் ஒழுங்காகவும், கடைச் சார்ஜரில் தகராறாகவும் இருந்தால் ஐயமே வேண்டாம். நல்ல 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜரும் குட்டையான தடித்த ஒயரும் போடுங்கள். 3.3 வோல்ட் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 முதல் 470 மைக்ரோஃபாரட் வரை ஒரு கெபாசிட்டரும் வைக்கச் சொல்லுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் வெடித்துவிடும், ஜாக்கிரதை. ஃப்ரீசர் சொருகிய அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இதைச் சொருகக் கூடாது. கம்ப்ரசர் எடுக்கும்போதெல்லாம் வோல்ட் ஆடும்.

அடுத்தது இடம். போர்டின் ஒரு முனையில் வளைந்து வளைந்து போகும் செம்புக் கோடுதான் ஆன்டெனா. அதை ஃப்ரீசரின் தகர முதுகோடு ஒட்டி வைத்தாலோ தகர டப்பாவுக்குள் அடைத்தாலோ சிக்னல் எப்படிப் போகும்? நடுவில் எண்ணெய் டின் அடுக்கியிருந்தாலும் இதே கதைதான். சிக்னல் அளவைப் போர்டே எண்ணாகச் சொல்லும். மைனஸ் 60 என்றால் நன்று. மைனஸ் 80க்குக் கீழே போனால் இடத்தை மாற்றுங்கள்.

ரூட்டரைப் பொறுத்தவரை, மேற்சொன்ன இரு சிப்புகளுக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. கடைவீதியில் வரிசையாக ரூட்டர்கள் இருப்பதால் சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் நெரிசல் குறைந்த ஒன்றில் நிறுத்தி வைப்பது நல்லது.

தொடர்பு அறுந்தால் தானே மீண்டும் இணையவும், பத்து நிமிடம் முடியாவிட்டால் தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளவும் புரோகிராமில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் கடை திறந்ததும் ஒருமுறை இணைவதை மட்டும் எழுதிவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

கரண்ட் போனால் ரூட்டரும் போர்டும் சேர்ந்தே படுத்துவிடும், ஃப்ரீசருக்கு ஆபத்தும் அப்போதுதான். இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். அதோடு, ஆபத்தில் மட்டும் கூப்பிடாமல் மணிக்கொரு முறை டிகிரியை அனுப்பும்படி அமையுங்கள். இரவு படுக்கும் முன் கடைசித் தகவல் எத்தனை மணிக்கு வந்தது என்று பாருங்கள். ஒரு மணிக்கு மேல் ஆகியிருந்தால் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஒரு நடை போய் வருவதே நல்லது.