ஒரு சீட்டு 25 கோடி ரூபாய்!

சீட்டாடி வீட்டைத் தோற்ற கதைகள் நம் ஊர்ப்பக்கம் நிறைய உண்டு. ஆடாமல் பத்திரப்படுத்திய சீட்டு ஒன்று பத்து வீட்டு விலைக்குப் போன கதை இது. 2024-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரே ஒரு சீட்டு 30 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அன்றைய கணக்கில் சுமார் 25 கோடி ரூபாய். தங்கத் தகடு அல்ல, வெறும் அட்டை. மூன்றரை அங்குல உயரம், இரண்டரை அங்குல அகலம். 1993-ல் சில டாலருக்குக் கடையில் விற்ற பொட்டலங்களில் வந்த சரக்கு.

ஆட்டத்தின் பெயர் ‘மேஜிக் - தி கேதரிங்’. உண்டாக்கியவர் ரிச்சர்ட் கார்பீல்டு, கணித ஆராய்ச்சி மாணவர். தாம் தயாரித்த பலகை ஆட்டம் ஒன்றை அச்சிட்டு வெளியிடும்படி பீட்டர் அட்கிசன் என்பவரை அணுகினார். அட்கிசன் சியாட்டில் நகருக்கு அருகே ‘விசார்ட்ஸ் ஆப் தி கோஸ்ட்’ என்ற சின்னஞ்சிறு கம்பெனி நடத்தி வந்தார். பலகை ஆட்டம் அச்சிட அவரிடம் முதல் போதவில்லை. கைக்கு அடக்கமாக, சீக்கிரம் முடிகிற ஆட்டம் இருந்தால் கொடுங்கள் என்றார். அப்படிப் பிறந்ததுதான் இந்தச் சீட்டு.

ஆடுகிற இருவரும் மந்திரவாதிகள். சீட்டுகளில் பூதம், மந்திரம், நிலம் என்று பல வகை. எதிராளியின் 20 உயிர்ப் புள்ளிகளைத் தீர்த்துவிட்டால் வெற்றி. புதுமை எங்கே என்றால், ரம்மி போல எல்லோருக்கும் ஒரே கட்டு கிடையாது. அவரவர் கட்டை அவரவரே சேர்க்க வேண்டும். அன்று பொட்டலத்துக்குள் 15 சீட்டு. அதில் 11 சாதாரணம், 3 சற்று அரிது, 1 மிக அரிது. பிரித்தால்தான் என்ன வந்தது என்று தெரியும். சின்ன வயதில் தெருத் தெருவாகத் தீப்பெட்டிப் படம் பொறுக்கி, இரண்டு வந்ததைக் கொடுத்து இல்லாததை வாங்கியவர்களுக்கு இந்த ருசி புரியும்.

முதல் அச்சு

1993 ஆகஸ்டில் வந்த முதல் அச்சுக்கு ‘ஆல்பா’ என்று பெயர். பெல்ஜியம் நாட்டில் டர்ன்ஹவுட் என்ற ஊரிலுள்ள கார்ட்டா முண்டி அச்சகத்தில் அடித்தார்கள். மொத்தம் சுமார் 26 லட்சம் சீட்டு. கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் வகை வகையாகப் பிரித்துப் பார்த்தால், மிக அரிதான சீட்டு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,100 மட்டுமே. சரக்கு சில வாரங்களில் தீர்ந்தது. அக்டோபரில் ‘பீட்டா’ வந்தது, முக்கால் கோடி அளவில். டிசம்பரில் வெள்ளைக் கரையுடன் ‘அன்லிமிடெட்’ வந்தபோது எண்ணிக்கை மூன்றரைக் கோடியைத் தொட்டது.

ஆல்பா முழுத் தொகுதி என்றால் 295 சீட்டு. இதில் அவசரத்தின் அடையாளங்கள் ஏராளம். சேர்க்க வேண்டிய இரண்டு சீட்டுகளை விட்டுவிட்டார்கள். அவை பீட்டாவில்தான் வந்தன. ‘ஆர்க்கிஷ் ஓரிப்ளேம்’ என்ற சீட்டின் செலவு 4 என்று இருக்க வேண்டியது 2 என்று விழுந்தது. ஒரு தாளில் 121 இடம். அரிய சீட்டுகளோ 116. மிச்சம் ஐந்து இடத்தில், எங்கும் கிடைக்கிற ‘ஐலண்டு’ என்னும் நிலச் சீட்டை நிரப்பினார்கள். பாவம், ஆசையாகப் பொட்டலம் பிரித்த சில பிள்ளைகளுக்கு அரிய சீட்டின் இடத்தில் அதுதான் கிடைத்தது!

இத்தனையிலும் தலைமைச் சீட்டு ‘பிளாக் லோட்டஸ்’, அதாவது கருந்தாமரை. கிறிஸ்டோபர் ரஷ் என்ற ஓவியர் வரைந்தது. அவர் 2016-ல் காலமானார். இந்தச் சீட்டைப் போடச் செலவே இல்லை. போட்டவருக்கு நான்காவது முறையில் வரவேண்டிய பலம் முதல் முறையிலேயே வந்துவிடும். இதையும் சேர்த்து ஒன்பது சீட்டுகளை நவரத்தினம் போல மதிக்கிறார்கள். ஒரு நண்பர் கூட்டம் சில பொட்டலங்களுக்கு மேல் வாங்காது, ஆகவே இப்படிப்பட்ட சீட்டு ஊருக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும் என்று கார்பீல்டு கணக்குப் போட்டார். ஜனங்கள் பெட்டி பெட்டியாக வாங்குவார்கள் என்பது கணித மூளைக்கும் எட்டவில்லை.

அன்று இதற்கு உறையும் கிடையாது, பெட்டகமும் கிடையாது. மேஜையில் தேய்த்துக் கலைத்தார்கள். ஆரம்ப விதிப்படி ஆளுக்கு ஒரு சீட்டைப் பந்தயம் வைத்து, ஜெயித்தவர் இரண்டையும் எடுத்துக்கொள்வதும் உண்டு. சூதாட்ட வாடை அடித்ததால் அந்த வழக்கம் பிறகு மறைந்தது. 1,100-ல் பழுதில்லாமல் மிஞ்சியவை சொற்பம் என்பதற்கு இதுவே காரணம். 25 கோடிக்குப் போனது, தரம் பார்க்கும் கம்பெனி பத்துக்குப் பத்து போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்த ஆல்பா கருந்தாமரை. 2021-ல், உறைமேல் ஓவியர் ரஷ்ஷின் கையெழுத்துள்ள இன்னொன்று 5 லட்சத்து 11 ஆயிரம் டாலர் பெற்றது.

வாக்குறுதி

விலை நிற்பதற்கு இன்னொரு முட்டுக்கொடுப்பும் உண்டு. 1995-ல் கம்பெனி சில பழைய சீட்டுகளை மறுபடி அச்சிட்டது. காசைக் கொட்டிச் சேர்த்தவர்கள் கொதித்தார்கள். மறு வருஷமே, இன்னின்ன சீட்டுகளை இனி அச்சிடமாட்டோம் என்று பட்டியல் போட்டு வாக்களித்தார்கள். ஆக, சேகரிப்பவர் வாங்குவது பாதி அட்டை, பாதி வாக்கு. 2022-ல் 30-வது ஆண்டு வெளியீடு என்று பழைய படங்களையே, முதுகை மட்டும் மாற்றி, நாலு பொட்டலம் 999 டாலருக்கு விற்றார்கள். போட்டி ஆட்டத்தில் அதைச் சேர்க்க முடியாது. ஆகவே வாக்கு மீறவில்லை என்பது வாதம். பழைய ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

பணம் புழங்கும் இடத்தில் போலியும் வரும். அன்லிமிடெட் சீட்டின் வெள்ளைக் கரைக்குக் கறுப்பு மை பூசுகிறார்கள். ஆல்பாவின் மூலை பீட்டாவைவிட அதிகம் வளைந்திருக்கும். எனவே பீட்டாவின் மூலையை வெட்டி ஆல்பா என்று விற்கிறார்கள். கம்பெனியே 1993-ல் சேகரிப்பாளருக்கென்று சதுர மூலையுடன் வெளியிட்ட தொகுதியின் முகத்தை உரித்து, அசல் முதுகோடு ஒட்டுகிற கைவேலையும் உண்டு. பூதக்கண்ணாடி வைத்து எழுத்தைப் பாருங்கள். அசலில் கறுப்பு எழுத்து ஒரே திட்டமாகப் பதிந்திருக்கும். படம் பிடித்து அடித்த போலியில் எழுத்தும் புள்ளி புள்ளியாகத் தெரியும். இது தெரியாமல் சம்பளப் பணத்தை நீட்டினால் திரும்பி வராது.

சம்பளக்காரர்கள் சேகரிப்பதே இல்லையா? சேகரிக்கிறார்கள். ஒன்பதை மறந்துவிட்டு, மீதியை ஒவ்வொன்றாக, வருஷக்கணக்கில் தேடுகிறார்கள். பத்துக்குப் பத்து வேண்டாம், மூலை மழுங்கியது, நடுவில் மடிப்பு விழுந்தது, முதுகில் யாரோ ஒரு பையன் பேனாவால் பெயர் எழுதியது என்று மலிவாகக் கிடைப்பதை எடுக்கிறார்கள். அவை 1993-ல் நிஜமாகவே ஆடப்பட்ட சீட்டுகள். அவற்றை உறையிலிருந்து எடுத்து இன்னும் ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். 1993, 94-ம் வருஷச் சீட்டுகளை மட்டும் வைத்து ஆடுகிற கூட்டங்கள் பல நாடுகளில் கூடுகின்றன.