டப்பா செத்துப்போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி: லேப் கருவியும் ஃபர்ம்வேர் அப்டேட்டும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இந்த வாரம் வேற ஒரு தலைப்புதான் பேசறதா இருந்தேன். ஆனா புதுக்கோட்டை மாவட்டத்துல இருந்து, அறந்தாங்கி பக்கம் ஒரு காலேஜ்ல பி.எஸ்சி. பிசிக்ஸ் படிக்கிற தம்பி ஒருத்தர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாரு. அதைக் கேட்டதும் பழசெல்லாம் ஞாபகம் வந்திருச்சு. அதனால தலைப்பை மாத்திட்டேன்.

அவர் சொன்னது இதுதான். "அண்ணா, எங்க லேப்ல மூணு எக்ஸ்பைஸ் டப்பா இருக்கு. லேப்டாப்ல புது உபுண்டு போட்டோம். அதுக்கப்புறம் ஒண்ணு கூட கனெக்ட் ஆகல. ஃபர்ம்வேர் பழசு, புரோகிராமர் வச்சு புதுசு ஏத்தினா சரியாயிடும்னு சீனியர் அண்ணன் சொல்றாரு. மேடம் தொடாதேங்கறாங்க. அடுத்த வாரம் பிராக்டிக்கல். என்ன பண்ணட்டும்?"

தம்பி, முதல்ல மேடம் சொல்றதைக் கேளுங்க. ஏன்னு நான் சொல்றேன்.

எக்ஸ்பைஸ் தெரியாதவங்களுக்கு ஒரு அறிமுகம். டெல்லியில இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர்னு ஒரு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. அங்க 2004-ல ஃபீனிக்ஸ்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. பி.பி. அஜித்குமார் அதுக்கு முன்னோடி. லேப்ல லட்சக்கணக்குல செலவு பண்ண முடியாத காலேஜ், ஸ்கூல் பிள்ளைங்களுக்கும் அளவீட்டுக் கருவி கிடைக்கணும்ங்கறதுதான் நோக்கம். அதுல இருந்து வந்ததுதான் எக்ஸ்பைஸ். உள்ளங்கையில அடங்குற டப்பா. யூஎஸ்பி கேபிளை லேப்டாப்ல சொருகினா ஆசிலோஸ்கோப், வோல்ட்மீட்டர், சிக்னல் ஜெனரேட்டர், பவர் சப்ளை, கெப்பாசிட்டன்ஸ் மீட்டர் எல்லாம் ஒண்ணுக்குள்ள வந்திரும். இப்ப நிறைய இடத்துல இருக்கிற எக்ஸ்பைஸ்-17-ல பிளஸ் மைனஸ் 16 வோல்ட் வரைக்கும் அளக்கலாம், 5 ஹெர்ட்ஸ்ல இருந்து 5 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் சைன் அலை எடுக்கலாம். சர்க்யூட் படம், மென்பொருள் எல்லாமே திறந்த மூலம். இதே குடும்பத்துல வர்ற இன்னொரு கருவிதான் ஃபாஸ்ஏசியா அமைப்போட பிஎஸ்லேப்.

இந்த மாதிரி கருவியில வேலை ரெண்டு இடத்துல நடக்குது. ஒண்ணு லேப்டாப்ல ஓடுற மென்பொருள். எக்ஸ்பைஸ்ல அது பைத்தான்ல எழுதினது. இன்னொண்ணு டப்பாவுக்குள்ள இருக்கிற மைக்ரோகன்ட்ரோலர் சிப்புல எழுதி வச்சிருக்கிற நிரல். அதுதான் ஃபர்ம்வேர். லேப்டாப் "ஏ-ஒன்னுல எத்தனை வோல்ட்?"னு கேக்கும். சிப்பு அளந்து நம்பரை அனுப்பும். ரெண்டும் ஒரே பாஷையில பேசணும். புது மென்பொருள் புதுசா ஒரு கேள்வி கேட்டு, பழைய ஃபர்ம்வேருக்கு அது புரியலன்னா பேச்சு நின்னுபோகும். அதனால உங்க சீனியர் சொல்றது நடக்கவே நடக்காத விஷயம் இல்ல. ஆனா என் அனுபவத்துல பத்துக்கு எட்டு தடவை காரணம் வேற எங்கயோ இருக்கும்.

நான் கெடுத்த டப்பா

நானும் புதுக்கோட்டை மாவட்டத்துலதான் படிச்சேன். காலேஜ் பேரு வேண்டாம். லேப்ல இதே மாதிரி ஒரு கருவி. பிராக்டிக்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி புது ஃபர்ம்வேர்ல ஏதோ நல்லா இருக்குன்னு படிச்சுட்டு, புரோகிராமர் கடன் வாங்கி ஏத்த உட்கார்ந்தேன். யாரும் கேக்கல, நானாத்தான். பழைய டெஸ்க்டாப், யூபிஎஸ் பேட்டரி எப்பவோ செத்தது. பாதியில கரண்ட் போச்சு. எங்க ஊர்ப் பக்கம் அது அதிசயமே இல்ல. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடிச்சப்ப ஆலங்குடி, கீரமங்கலம் பக்கமெல்லாம் வாரக்கணக்குல கரண்ட் இல்லாம இருந்தவங்க நாங்க. ஒரு அரை மணி நேரத்தையெல்லாம் கணக்குல வைக்க மாட்டோம். ஆனா அந்த அரை மணி நேரம் வேர்த்துக் கொட்டிருச்சு.

ஃபர்ம்வேர் ஏத்தும்போது முதல்ல பழசு அழியும், அப்புறம் புதுசு எழுதப்படும். நடுவுல நின்னா சிப்புல பழசும் இல்ல, புதுசும் இல்ல. இதைத்தான் "பிரிக் ஆயிருச்சு", அதாவது செங்கல்லா போச்சுன்னு சொல்றாங்க. இதுக்குத்தான் நிறைய கருவியில பூட்லோடர்னு ஒரு சின்ன நிரலைத் தனி இடத்துல வச்சிருப்பாங்க. மத்தது எல்லாம் அழிஞ்சாலும் அது அழியாது. திரும்பக் கேபிளைச் சொருகினா "சரி, முதல்ல இருந்து அனுப்பு"ன்னு காத்துக்கிட்டிருக்கும். பிஎஸ்லேப்ல ஆரம்பத்துல தனி புரோகிராமர் தேவைப்பட்டுச்சு. பின்னாடி பூட்லோடர் வந்ததும் யூஎஸ்பி கேபிளே போதும்னு ஆச்சு.

நான் புரோகிராமர் வச்சே ஏத்தினதால கரண்ட் வந்ததும் திரும்ப எழுதிட்டேன். டப்பா உயிரோட எழுந்திரிச்சுது. திரையில அலை ஓடுது. அப்பாடான்னு வீட்டுக்குப் போயிட்டேன். பிரச்சனை அதுக்கு மறுநாள்தான் ஆரம்பிச்சுது.

செத்த கருவியை விட தப்பாப் பேசுற கருவி

பிராக்டிக்கல்ல ஒரு பரிசோதனை. 10 சென்டிமீட்டர் சதுரத்துல ரெண்டு உலோகத் தகடு, நடுவுல 2 மில்லிமீட்டர் இடைவெளி. காத்து மட்டும் இருக்கும்போது கெப்பாசிட்டன்ஸ் எவ்வளவு, அக்ரிலிக் ஷீட்டை நுழைச்சா எவ்வளவுன்னு அளந்து ஒண்ணை ஒண்ணால வகுக்கணும். அக்ரிலிக்கோட மின்காப்பு மாறிலி 3-க்குக் கொஞ்சம் மேல வரும். காத்துக்குச் சுமார் 44 பைக்கோஃபேரட், அக்ரிலிக்குக்கு 141. வகுத்தா 3.2.

என் கூடப் படிச்ச பொண்ணுக்கு அன்னிக்கு வந்தது 74, 171. வகுத்தா 2.3. திரும்பத் திரும்ப அளந்தா, அதேதான் வருது. அடுத்த மேசையில ஒருத்தன் 3.2 வரணும்னு தெரிஞ்சுக்கிட்டு அதுக்குத் தகுந்த மாதிரி ரீடிங்கை "சமைச்சு" எழுதிட்டான். எக்ஸ்டர்னல் வந்தாரு. அவனுக்கு முழு மார்க். உண்மையா எழுதின பொண்ணுக்கு "கவனமா பண்ணலையாம்மா?"ன்னு எல்லார் முன்னாடியும் திட்டு. எனக்குக் கை கால் ஓடல. ஏன்னா ரெண்டு ரீடிங்லயும் சரியா 30 கூடுதலா இருக்கு, அது எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கு லேசா புரிய ஆரம்பிச்சுது.

விஷயம் என்னன்னா, ரெண்டு டப்பா ஒரே மாதிரி பிறக்கறதில்ல. உள்ள இருக்கிற ரெசிஸ்டர் ஒவ்வொண்ணும் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். எதையும் சொருகாம வெறும் சாக்கெட்டை அளந்தாக் கூட, பலகையோட தடங்களுக்கும் சிப்போட காலுக்கும்னு சில பைக்கோஃபேரட் காட்டும். தயாரிக்கும்போதே இந்த டப்பாவுல இவ்வளவு கழிக்கணும், இவ்வளவால பெருக்கணும்னு அளந்து அந்த எண்களைச் சிப்போட நினைவகத்துலயே எழுதிடுவாங்க. அதுதான் கேலிப்ரேஷன். புரோகிராமர் முழு சிப்பையும் அழிச்சப்ப ஃபர்ம்வேரோட சேர்த்து அந்த எண்களும் போயிருச்சு. இணையத்துல இருந்து ஃபர்ம்வேரைத் திரும்ப இறக்கலாம். அந்த ஒரு டப்பாவுக்குன்னு அளந்த எண்கள் எந்த இணையதளத்துலயும் கிடைக்காது. செங்கல்லா போயிருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், யாரும் அதை வச்சு அளந்திருக்க மாட்டாங்க. இது சிரிச்ச முகத்தோட தப்பாச் சொல்லுச்சு.

அந்தப் பொண்ணுதான் அதைக் கண்டுபிடிச்சுது. கோபத்துல எல்லா ஒயரையும் பிடுங்கிட்டுச் சும்மா அளந்து பார்த்தா 30 காட்டுது. "ஸ்க்ரூகேஜ்ல சுழிப்பிழை பாக்கறோம்ல, இதுக்கு மட்டும் ஏன் பாக்கல?"ன்னு கேட்டுச்சு. பிளஸ் டூல நாம எல்லாரும் திருகு அளவியில முதல்ல பண்றதே அதுதான். கம்ப்யூட்டர் திரையில நம்பர் வந்தா மட்டும் மறந்திடறோம். சுழிப்பிழையைக் கழிச்சு இன்னொரு தடவை எழுதிக் காட்டுச்சு. மார்க் எவ்வளவு திரும்பி வந்துச்சுன்னு எனக்கு இப்ப ஞாபகம் இல்ல. நான் மேடம்கிட்ட ஒத்துக்கிட்டேன். கீழராஜ வீதிப் பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில நல்ல கெப்பாசிட்டர் சிலதும் ஒரு சதவீத ரெசிஸ்டரும் வாங்கிட்டு வந்து, நல்ல மல்டிமீட்டரோட ஒப்பிட்டு திரும்பக் கேலிப்ரேட் பண்ண மூணு சனிக்கிழமை ஆச்சு.

பெரிய டெஸ்டிங் லேபுக்கும் இதே கதைதான். அங்க பின்பற்றுற ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 தரநிலையோட 2017 பதிப்புல, ஒவ்வொரு கருவிக்கும் வச்சிருக்கிற பதிவேட்டுல மென்பொருள், ஃபர்ம்வேர் பதிப்பையும் குறிச்சு வைக்கணும்னு இருக்கு. நாளைக்கு ஒரு ரிப்போர்ட்டைக் கேள்வி கேட்டா, அன்னிக்கு எந்தப் பதிப்புல அளந்தீங்கன்னு பதில் சொல்லணும். நம்ம காலேஜ் லேப்ல ஸ்டாக் ரெஜிஸ்டர்ல "டப்பா - 3" மட்டும்தான் இருக்கும்!

சரி, தம்பியோட கேஸ்

உங்க மெசேஜ்லயே விடை இருக்கு. மூணு டப்பாவும் ஒரே நாள்ல கெட்டுப்போகாது. மாறினது லேப்டாப். அப்ப சந்தேகமும் அங்கதான் போகணும்.

முதல்ல கேபிள். சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள்ல உள்ள டேட்டா ஒயரே இருக்காது. அடுத்தது, லேப்டாப் கருவியைப் பார்க்குதான்னு பாருங்க. உபுண்டு டெர்மினல்ல எல்எஸ்யூஎஸ்பி கட்டளை கொடுத்தா, பட்டியல்ல மைக்ரோசிப் கம்பெனியோட சிப்பு தெரியணும். தெரிஞ்சா டப்பா உயிரோட இருக்கு. அப்புறம் அனுமதி. லினக்ஸ்ல இந்த மாதிரி சீரியல் போர்ட்டைத் தொட "டயல்அவுட்" குழுவுல உங்க யூசர் இருக்கணும், இல்லன்னா அதுக்கான விதி தனியா இருக்கணும். உபுண்டுவோட சொந்தத் தொகுப்புல இருந்து எக்ஸ்பைஸ் நிறுவினா அந்த விதியும் சேர்ந்து வரும். நேரா மூல நிரலை இறக்கி ஓட்டினா வராது.

இன்னொண்ணு, பழைய எக்ஸ்பைஸ் நிரல் பைத்தான் 2-ல எழுதினது. அதுக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஓட முடிஞ்சு போச்சு. புது உபுண்டுல அது ஓடாது. கருவிக்கு ஒண்ணும் ஆகல, மென்பொருளைத்தான் புதுசாக்கணும். உபுண்டு 22.04-ல ஒரு வேடிக்கை நடந்துச்சு. பார்வையற்றவங்களோட பிரெய்ல் திரைக்கான ஒரு சேவை, சிஎச்340 சிப்பு போட்ட ஆர்டுயினோ பலகைகளைப் பிரெய்ல் கருவின்னு நினைச்சுப் பிடிச்சுக்கிச்சு. எத்தனை பேரு நல்ல பலகையைக் குப்பையில போட்டாங்களோ!

விண்டோஸ் ஆளுங்க சிரிக்காதீங்க. 2014-ல எஃப்டிடிஐ கம்பெனியோட டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியா வந்து, போலி சிப்புகளோட அடையாள எண்ணைப் பூஜ்யமா மாத்திருச்சு. போலின்னு தெரியாம வாங்கினவங்க கருவியெல்லாம் ஒரே நாள்ல ஊமையாச்சு. எதிர்ப்பு வந்ததும் அந்த டிரைவரை வாபஸ் வாங்கினாங்க.

இத்தனையும் பார்த்த பிறகும் ஃபர்ம்வேர்தான் காரணம்னு தெரிஞ்சா ஏத்துங்க, பயப்பட வேண்டாம். ஆனா பிராக்டிக்கல் முடிஞ்ச அடுத்த நாள். மூணு டப்பாவுல ஒண்ணை மட்டும். அன்னிக்கு முதல் வேலை, இப்ப என்ன பதிப்பு இருக்குன்னு எழுதி வைங்க, கேலிப்ரேஷன் எண்களைப் படிச்சு ஃபைலாச் சேமிங்க. உங்க பலகையோட பதிப்புக்கான ஃபைல்தானான்னு ரெண்டு தடவை பாருங்க. பேட்டரி நிறைஞ்ச லேப்டாப்ல, யூஎஸ்பி ஹப் இல்லாம நேராச் சொருகி ஏத்துங்க. முடிஞ்சதும் ஒரு புது பென்டார்ச் செல், ஒரு தெரிஞ்ச ரெசிஸ்டர், ஒரு தெரிஞ்ச கெப்பாசிட்டர், அப்புறம் வெறும் சாக்கெட். ஏத்துறதுக்கு முன்னாடியும் இதே நாலையும் அளந்து வச்சிருக்கணும், இல்லன்னா எதோட ஒப்பிடுவீங்க?

இதையெல்லாம் தூரத்துல இருந்தே பண்றவங்களும் இருக்காங்க. வாயேஜர் 1 விண்கலம் 2023 நவம்பர்ல புரியாத தகவலா அனுப்ப ஆரம்பிச்சுது. நினைவகத்துல ஒரு சிப்பு போயிருச்சு. நாசா ஆளுங்க அதுல இருந்த நிரலை வேற இடத்துக்கு மாத்தி எழுதி, 2024 ஏப்ரல்ல அனுப்பினாங்க. 2400 கோடி கிலோமீட்டர். கட்டளை போய்ச் சேரவே இருபத்திரண்டரை மணி நேரம், பதிலுக்கு இன்னொரு இருபத்திரண்டரை. நமக்குக் கேபிள் ஒரு மீட்டர்தான்.

ரெக்கார்டிங்குக்கு முன்னாடியே தம்பிக்கு இதைச் சுருக்கமா அனுப்பியிருந்தேன். நேத்து ராத்திரி பதில் வந்துச்சு. "அண்ணா, டயல்அவுட் தான். ஒரே வரி. மூணும் ஓடுது. மேடம் சிரிச்சாங்க." அதுக்குக் கீழ இன்னொரு மெசேஜ்: "வெறும் சாக்கெட்டை அளந்தேன். ரெண்டு டப்பா பூஜ்யம் கிட்ட காட்டுது. மூணாவது 28 காட்டுது அண்ணா. இதை யாரு எப்ப அழிச்சாங்கன்னு தெரியல."

அந்த மூணாவது டப்பா மேல ஒரு சீட்டு ஒட்டி 28-னு எழுதி வைங்க தம்பி. பிராக்டிக்கல் முடியட்டும், கேலிப்ரேஷனுக்கு ஒரு சனிக்கிழமை நானே ஊருக்கு வர்றேன்.