மரம் நட்டால் மட்டும் போதுமா? பாகாயம் கல்லூரிகளுக்கு பாலாறு சொல்லும் பாடம்

வேலூரை அடுத்த பாகாயத்தில் கல்லூரிகளுக்கு பஞ்சமில்லை. சி.எம்.சி. மருத்துவக்கல்லூரி, தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, கூடவே சி.எம்.சி.யின் மனநல மையம் என்று தினமும் ஏராளமானவர்கள் வந்து போகும் இடம் இது.

ஜூன் 5-ந்தேதி உலக சுற்றுச்சூழல் தினம் வந்துவிட்டால் கல்லூரிகளில் மரக்கன்று நடுவார்கள். போட்டோ எடுப்பார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு வளாகம் நிஜமாகவே "பசுமை வளாகம்"தானா என்று தெரிந்துகொள்ள மரத்தை மட்டும் எண்ணினால் போதாது. அதன் கேட்டை தாண்டி வெளியே என்ன வருகிறது என்று பார்க்கவேண்டும். குப்பை வண்டியில் என்ன வருகிறது, சாக்கடையில் என்ன வருகிறது என்பதுதான் கேள்வி.

பாலாறு தந்த சட்டம்

இந்த கேள்வி வேலூர்காரர்களுக்கு புதுசு இல்லை. தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுப்பதாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்கு போனது. 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந்தேதி தீர்ப்பு வந்தது. "மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும்" என்பது இந்த நாட்டு சட்டத்தின் ஒரு பகுதி என்று அதில் உறுதியாக சொல்லப்பட்டது. தோல் தொழிற்சாலைகளுக்கு தலா ரூ.10 ஆயிரம் அபராதமும் விதிக்கப்பட்டது.

ஆனாலும் பிரச்சினை தீர்ந்தபாடில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கவும், பாலாற்று மாசை கண்காணிக்க குழு அமைக்கவும் 2025-ம் ஆண்டு ஜனவரி 30-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. ஒருமுறை கெட்டுப்போன நிலத்தடி நீரை சரிபண்ணுவது அவ்வளவு கஷ்டம்.

தோல் கம்பெனிக்கு ஒரு நியாயம், காலேஜுக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியுமா? ஹாஸ்டல், மெஸ், கேண்டீன், ஆய்வகம் எல்லாம் சேர்ந்தால் கல்லூரி வளாகமும் ஒரு சின்ன ஊர்தான்.

மெஸ் குப்பை எங்கே போகிறது?

5 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் பரப்பு கொண்ட நிறுவனங்கள் குப்பையை தரம் பிரிக்கவேண்டும், மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்றவேண்டும் என்று 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. மிச்சமான சாதம், காய்கறி தோல், உதிர்ந்த இலை எல்லாம் இதில் அடங்கும்.

இதை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு சதுப்பேரியே சாட்சி. முன்பு மாநகராட்சி குப்பை அங்கேதான் மலைபோல் குவிந்தது. தீப்பிடித்து புகை கிளம்பினால் சுற்றுவட்டாரமே மூச்சுத்திணறியது.

இதில் வேலூருக்கு ஒரு பெருமையும் உண்டு. வேலூரை சேர்ந்த சி.சீனிவாசன் வகுத்த முறைப்படி சத்தீஸ்கர் மாநிலம் அம்பிகாபூரில் சுயஉதவிக்குழு பெண்கள் வீடு வீடாக குப்பை வாங்கி தரம் பிரிக்கிறார்கள். அங்கே குப்பைமேடு இருந்த இடம் பூங்காவாகிவிட்டது. ஒரு நகரமே செய்ததை ஒரு காம்பவுண்டுக்குள் செய்யமுடியாதா?

நாலு கலர் கணக்கு

மருத்துவக்கல்லூரி என்றால் பொறுப்பு இன்னும் அதிகம். 2016-ம் ஆண்டு மருத்துவக்கழிவு விதிகளின்படி ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, உடல் பாகங்கள் மஞ்சள் பையில் போகவேண்டும். டியூப், கையுறை போன்ற பிளாஸ்டிக் கழிவுகள் சிவப்பில். ஊசி, பிளேடு துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். கண்ணாடி பாட்டில் நீலத்தில்.

ஆஸ்பத்திரி கழிவில் சுமார் 85 சதவீதம் சாதாரண குப்பைதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீதி 15 சதவீதத்தை அதோடு கலந்துவிட்டால் மொத்தமும் ஆபத்தாகிவிடும். சாதாரண குப்பையில் ஒரே ஒரு ஊசி தவறி விழுந்தாலும் அது குத்துவது துப்புரவு தொழிலாளியின் கையில்தான்.

சொட்டு தண்ணீரும் காசு

பாகாயம் அருகே உள்ள ஓட்டேரி ஏரி வேலூர் நகரத்துக்கே குடிநீர் கொடுத்த ஏரி. மழை பொய்த்தால் இங்கே குடத்தோடு அலைவது பெண்கள்தான். 2019-ம் ஆண்டு ஜூலை 12-ந்தேதி, அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் சென்னைக்கு ரெயிலில் போனதை மறந்திருக்க மாட்டீர்கள்.

அதனால் குளிக்க, துவைக்க பயன்படுத்திய தண்ணீரை அப்படியே வெளியே விடுவது வீண். சுத்திகரித்தால் கழிவறைக்கும் தோட்டத்துக்கும் ஆகும். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் இப்படித்தான் கழிவுநீரை சுத்தம் செய்து திரும்ப பயன்படுத்துகிறார்கள். அதே ஐ.ஐ.டி.யில் செத்துப்போன மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்ததும் செய்தியாக வந்தது. காடு மாதிரி மரம் இருந்தும் ஒரு பிளாஸ்டிக் பை உயிரை எடுத்துவிடுகிறது.

கேட்கவேண்டிய 3 கேள்விகள்

பிள்ளையை கல்லூரியில் சேர்க்க போகும் பெற்றோர் பீஸ் எவ்வளவு, பஸ் வருமா என்று கேட்கிறார்கள். இனி இதையும் கேட்கலாம். மெஸ்ஸில் மிச்சமாகும் சாப்பாடு எங்கே போகிறது? ஹாஸ்டல் கழிவுநீர் எங்கே போகிறது? மழைத்தண்ணீர் எங்கே போகிறது?

மூன்றுக்கும் "எல்லாம் உள்ளேயே" என்று பதில் வந்தால் அதுதான் பசுமை வளாகம். "வெளியே" என்று பதில் வந்தால், அந்த "வெளியே" என்பது நம்ம தெருவும் நம்ம ஏரியும்தான்.