வாடிய செடிகளும் கரிக்கும் நீரும்

ஒரு திங்கள் வெளியூரில் தங்கிவிட்டு, மே மாத இறுதியில் காத்திவாக்கத்து வீட்டுக்குத் திரும்பினேன். மொட்டை மாடியிலிருந்த நான்கு தொட்டிச் செடிகளும் துவண்டு கிடந்தன. நீர் ஊற்றும் பொறுப்பை அடுத்த வீட்டுப் பையனிடம் ஒப்படைத்துச் சென்றிருந்தேன். "மூன்றுக்கும் நாள்தோறும் ஊற்றினேன், மாமா, மூலையிலிருந்த செம்பருத்தியைத்தான் மறந்துவிட்டேன்" என்றான் அவன். மறந்த செடி வாடியதில் வியப்பில்லை. மறவாமல் நீர் ஊற்றிய செடிகள் ஏன் வாடின?

மாணவ நண்பர்களே, இலையை விறைப்பாக நிறுத்துவது அதன் உயிரணுக்களில் நிரம்பியுள்ள நீரே. காற்றடைத்த பந்தைப் போன்றது அது. அந்நீர் இலைத்துளைகளின் வழியே ஓயாது ஆவியாகிக் கொண்டிருக்கிறது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் சூரியகாந்திச் செடியொன்றைத் தொட்டியோடு நிறுத்து நிறுத்துப் பார்த்து, அது வெளிவிடும் நீரைக் கணக்கிட்டு, 1727-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஒரு தராசைக் கொண்டு எத்துணை பெரிய உண்மையைக் கண்டார், பாருங்கள்! இவ்வாறு போகும் நீரை வேர் ஈடு செய்யாவிடில் இலை துவளும்.

செம்பருத்தியின் மண் கல்லாய் இறுகி, தொட்டியின் சுவரை விட்டு விலகியிருந்தது. இத்தகைய மண்ணில் மேலே ஊற்றும் நீர் இடுக்கு வழியே இறங்கி அடித்துளையில் ஓடிவிடும், வேருக்கு எட்டாது. ஆகவே தொட்டியை நிழலுக்குக் கொணர்ந்து, பெரிய வாளி நீரில், குமிழிகள் அடங்கும்வரை அமிழ்த்தி வைத்தேன். கிளையை நகத்தால் கீறியபோது உள்ளே பச்சை தெரிந்தது. உயிர் இருக்கிறது! மறுநாளே சில இலைகள் நிமிர்ந்தன.

மற்ற மூன்றின் மண்ணோ ஈரமாகவே இருந்தது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது, இலையோரங்கள் தீய்ந்திருந்தன. பையன் ஊற்றியது ஆழ்குழாய்க் கிணற்று நீர். எங்கள் ஊருக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் எண்ணூர் உப்பங்கழி. எங்கள் கிணற்று நீர் கரிக்கும். வடக்கே மீஞ்சூர்ப் பக்கத்தில் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தமையால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டதை நீங்கள் படித்திருக்கலாம். உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குச் சவ்வின் வழியே செல்வது நீரின் இயல்பு. மண்ணில் உப்பேறினால் வேரால் நீரை இழுக்க முடியாது. ஈரத்தின் நடுவிலேயே செடி தாகத்தால் வாடும். தொட்டியில் இக்கேடு விரைந்து வரும். நீர் ஆவியாகிவிடும், உப்போ நாள்தோறும் தங்கிச் சேரும்.

உப்பை நல்ல நீர் கொண்டு கழுவி வெளியேற்ற வேண்டும். தொட்டியின் கொள்ளளவைப் போல் இருமடங்கு நீராவது வேண்டும். குடிநீரைக் குடம் குடமாகச் சேமிக்கும் வீட்டில் இதை எப்படிக் கேட்பது? "மனிதருக்கே போதாத நீரைச் செடிக்குக் கொட்டுவதா?" என்று வீட்டார் கேட்டது நியாயமே. அரிசியும் காய்கறியும் கழுவிய நீரைச் சேர்த்து வைத்து, அடித்துளை வழியே வடியும்படி ஊற்றினேன். உரம் இடவில்லை, உரமும் ஒருவகை உப்புத்தான்.

இரண்டு வாரத்தில் கறிவேப்பிலை துளிர்த்தது; நந்தியாவட்டையும் பிழைத்தது. துளசி பிழைக்கவில்லை. பிடுங்கிப் பார்த்தபோது அதன் வேர் கருத்து அழுகியிருந்தது. தொட்டியின் அடித்துளையை ஓர் ஓட்டுச் சில்லு முழுதும் அடைத்திருந்தது. அதை அங்கே வைத்தவன் நானே.