தோற்றால் டபுள், ஜெயித்தாலும் நஷ்டம்! ஓசூர் ஷிஃப்ட் நேரத்தில் சிக்கவைக்கும் டென்னிஸ் பெட்டிங் கணக்கு

ஓசூர் சிப்காட் பக்கம் பல கம்பெனிகளில் ஷிஃப்ட் மாறும் நேரம் காலை 6, மதியம் 2, இரவு 10. இந்த நேரத்துக்குப் பக்கத்தில் டென்னிஸ் அட்டவணையை வைத்துப் பாருங்கள். ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன், நம்ம நேரப்படி காலை 5.30-க்குத் தொடங்கும். நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறும்போது மேட்ச் சூடுபிடித்திருக்கும். விம்பிள்டன் மதியம் 3.30. யு.எஸ். ஓப்பன் இரவு 8.30-க்கு ஆரம்பித்து விடிய விடிய ஓடும். இதெல்லாம் பெரிய போட்டிகள். இவை இல்லாத வாரங்களிலும் துனிசியா, துருக்கி, எகிப்து என்று எங்கோ ஒரு சின்னப் போட்டி நடந்துகொண்டேதான் இருக்கும்.

ஐ.பி.எல் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். டென்னிஸுக்கு லீவே கிடையாது. பெட்டிங் ஆப்களுக்கு டென்னிஸ் ஏன் இவ்வளவு இஷ்டம் என்பதற்கு இதுவே பாதி பதில்.

இந்தக் கட்டுரைக்காகச் சில டெலிகிராம் குரூப்களில் எட்டிப் பார்த்தேன். 'டென்னிஸ் ஸ்ட்ராட்டஜி', 'நூறு சதவிகிதம் ஷ்யூர்' என்று தமிழிலேயே மெசேஜ்கள் கொட்டுகின்றன. டிரா கிடையாது, ஆடுவது இரண்டே பேர், அதனால் கணிப்பது சுலபம் என்பதுதான் எல்லா குரூப்களிலும் முதல் பாடம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சரி, ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

சமபலமுள்ள இரண்டு வீரர்கள் மோதுகிறார்கள். ஆளுக்குப் பாதி வாய்ப்பு. நியாயப்படி 1,000 ரூபாய் கட்டி ஜெயித்தால் 2,000 ரூபாய் கையில் வர வேண்டும். ஆனால், ஆப்பில் இரண்டு பேருக்கும் 1.90 என்றுதான் ரேட் போட்டிருப்பார்கள். நீங்கள் ஒருவர்மேல் 1,000 கட்டுகிறீர்கள், உங்கள் ரூம் மேட் இன்னொருவர்மேல் 1,000 கட்டுகிறார். வசூல் 2,000. ஜெயித்தவருக்குத் தருவது 1,900. மீதி 100 ரூபாய் புக்கிக்கு. யார் ஜெயித்தாலும் அவருக்குக் கவலையில்லை. மொத்தப் பணத்தில் 5 சதவிகிதம் மேட்ச் தொடங்கும் முன்பே அவர் பைக்குள் போய்விட்டது. இந்த 5 சதவிகிதத்தை மனதில் வைத்துக்கொண்டு, குரூப்களில் விற்கும் 'ஸ்ட்ராட்டஜி'களைப் பார்க்கலாம்.

அதிகம் பேர் நம்புவது 'டபுள் பண்ணு' முறை. தோற்றால் அடுத்த மேட்ச்சில் இரண்டு மடங்கு கட்டு, மறுபடி தோற்றால் நான்கு மடங்கு, எப்படியும் ஒருமுறை ஜெயிப்பாய், எல்லாம் திரும்பி வந்துவிடும் என்பார்கள். மார்ட்டிங்கேல் என்று இதற்குப் பெயர். ஐரோப்பிய சூதாட்ட விடுதிகளில் பல நூறாண்டுகளாகப் புழங்கும் பழைய சரக்குதான்.

மாதம் 18,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவர் 500 ரூபாயில் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தோல்வி. அடுத்து 1,000, 2,000, 4,000 என்று ஏற்றுகிறார். நான்கும் போச்சு. இதுவரை விட்டது 7,500. ஐந்தாவது முறை 8,000 கட்டுகிறார், ஜெயித்தும் விடுகிறார். பார்ட்டி கொடுக்கலாமா? ரேட் 1.90 என்பதால் லாபம் 7,200 தான். ஐந்தாவதில் ஜெயித்த பிறகும் 300 ரூபாய் நஷ்டம்! ஐந்தும் தோற்று ஆறாவதில் 16,000 கட்டி ஜெயித்தால், நஷ்டம் 1,100. அந்த 16,000-ஐக் கட்டும் நேரத்தில் அவர் ஏற்கெனவே 15,500 ரூபாயை விட்டிருப்பார். இரண்டும் சேர்ந்தால் 31,500. சம்பளத்தைத் தாண்டி ஒன்றே முக்கால் மடங்கு.

ஆறு முறை தொடர்ந்து தோற்பது நடக்குமா என்றால், பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ஆட்டத்தில் 64-ல் ஒரு முறை நடக்கும். தினமும் இப்படி ஒரு சுற்று ஆடுபவருக்கு, சராசரியாக இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அது வாசலுக்கு வந்து நிற்கும்.

"அப்படின்னா டாப் பிளேயர்மேல மட்டும் கட்டுறேன்" என்பது அடுத்த யோசனை. டாப் வீரருக்கு ரேட் 1.10 இருக்கும். ஆயிரம் கட்டினால் 100 ரூபாய் லாபம். ஒரே ஒரு முறை அவர் காலில் சுளுக்கு வந்து விலகினால் (சில ஆப்களில் அதற்குத் தனி விதி, படிக்கத்தான் ஆளில்லை), அல்லது தோற்றுத் தொலைத்தால், போன ஆயிரத்தை மீட்கப் பத்து வெற்றி வேண்டும். 2012 விம்பிள்டன் இரண்டாவது சுற்றில் நடாலை வென்ற லூகாஸ் ரோசோல் அப்போது உலகத் தரவரிசையில் 100-வது இடம். அன்று நடால்மேல் கட்டியவர்களும் 'சேஃப் பெட்' என்றுதான் கட்டியிருப்பார்கள்.

நான்கு டாப் வீரர்களை ஒன்றாகக் கோத்து 'காம்போ' போடும் வழியும் உண்டு. ஒவ்வொருவருக்கும் ரேட் 1.20, நாலும் சேர்ந்தால் 2.07. பணம் இரட்டிப்பாகும் என்று ஆசை காட்டுகிறது. ஆனால், ஒவ்வொருவரும் ஜெயிக்க 80 சதவிகித வாய்ப்பு இருந்தாலும், நான்கு பேரும் ஜெயிக்க 41 சதவிகிதம்தான். தனித்தனியாகக் கட்டினால் புக்கி எடுப்பது 4 சதவிகிதம். கோத்துக் கட்டினால் அவர் பங்கு 15 சதவிகிதமாக ஏறிவிடுகிறது. ஆப்பின் முதல் பக்கத்திலேயே காம்போ ஏன் மின்னுகிறது என்று இப்போது புரியும்.

டென்னிஸைக் கணிப்பது சுலபம் என்பதற்கு ரோஜர் ஃபெடரரே பதில் வைத்திருக்கிறார். 2024-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசியபோது ஒரு கணக்குச் சொன்னார். அவர் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 80 சதவிகிதத்தில் வெற்றி. ஆனால், ஜெயித்த பாயின்ட்டுகள் 54 சதவிகிதம்தானாம். சரித்திரத்தின் மிகப்பெரிய வீரர்களில் ஒருவருக்கே ஒவ்வொரு பாயின்ட்டும் ஏறக்குறைய காசு சுண்டிப் பார்ப்பது போலத்தான் இருந்திருக்கிறது. 2019 விம்பிள்டன் ஃபைனலில் அவர் எடுத்தது 218 பாயின்ட், ஜோகோவிச் எடுத்தது 204. ஐந்தாவது செட்டில் 8-7, 40-15, சர்வீஸும் ஃபெடரர் கையில். இரண்டு சாம்பியன்ஷிப் பாயின்ட். கோப்பை போனது ஜோகோவிச்சுக்கு.

அந்த 40-15 நேரத்தில் 'லைவ் பெட்' போட்டவர்களை நினைத்துப் பாருங்கள். லைவ் பெட்டில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. நீங்கள் செல்போனில் பார்க்கும் பாயின்ட், மைதானத்தில் சில நொடிகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. அம்பயர் தன் கருவியில் தட்டும் ஸ்கோர் நேராகப் பந்தய நிறுவனங்களுக்குப் போகிறது. கேலரியில் உட்கார்ந்து அந்தச் சில நொடியைக் காசாக்குபவர்களை 'கோர்ட்சைடர்' என்பார்கள். 2014 ஆஸ்திரேலிய ஓப்பனில் பிரிட்டனைச் சேர்ந்த ஓர் இளைஞர் இதற்காகக் கைதாகி, பிறகு வழக்கு கைவிடப்பட்டது. பாகலூர் ரோட்டில் ரூமில் படுத்துக்கொண்டு மொபைல் டேட்டாவில் மேட்ச் பார்ப்பவருக்கு அந்தப் பந்தயத்தில் கடைசி இடம்தான்.

இதுவரை போட்ட கணக்கெல்லாம் மேட்ச் நேர்மையாக நடக்கிறது என்ற நம்பிக்கையில் போட்டவை. டென்னிஸில் அந்த நம்பிக்கைக்கே பல முறை அடி விழுந்திருக்கிறது. மொத்தப் பரிசே 15,000 டாலர் என்ற அளவில் நடக்கும் கடைநிலைப் போட்டிகளில், முதல் சுற்றில் தோற்பவருக்கு 150 டாலர் அளவுக்குத்தான் கிடைக்கும். விமான டிக்கெட்டுக்கே காணாது. இந்த வீரர்களைத்தான் கும்பல்கள் வளைக்கின்றன. டென்னிஸ் அமைப்புகளே நியமித்த சுயேச்சைக் குழு 2018-ல் அறிக்கை தந்தது. கருத்துக்கணிப்பில் பதில் சொன்ன 3,200-க்கும் மேற்பட்ட வீரர் வீராங்கனைகளில், மேட்ச் ஃபிக்ஸிங் பற்றித் தங்களுக்கு நேரடியாகத் தெரியும் என்றவர்கள் 14.5 சதவிகிதம். பெல்ஜியத்தில் இருந்தபடி 180-க்கும் அதிகமான வீரர்களைக் கைக்குள் வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட கிரிகோர் சர்க்சியானுக்கு 2023-ல் அந்நாட்டு நீதிமன்றம் ஐந்து ஆண்டு சிறை விதித்தது. செட் தோற்பதற்கு ஒரு விலை, ஒரு கேம் தோற்பதற்கு ஒரு விலை என்று ரேட் கார்டே இருந்ததாம். பெட்டிங் ஆப்பில் 'ஸ்டடி பண்ணி' கட்டுபவர், முடிவு முன்கூட்டியே விற்கப்பட்ட மேட்ச்சைத்தான் சில நேரம் ஸ்டடி பண்ணுகிறார்.

நம்ம நாட்டு ஆட்கள் ஒருபடி மேலே போனார்கள். 2022-ல் குஜராத்தின் மோலிபூர் கிராமத்தில், வயலில் பிட்ச் போட்டு, கூலி ஆட்களுக்கு ஜெர்சி மாட்டி, போலி ஐ.பி.எல் நடத்தி ரஷ்யாவில் இருந்தவர்களிடம் பெட்டிங் பணம் கறந்தார்கள். அது கிரிக்கெட். முகம் தெரியாத எங்கோ ஒரு மேட்ச்மேல் பணம் கட்டும் எல்லோருக்கும் அதில் சேதி இருக்கிறது.

டெலிகிராம் 'டிப்ஸ்' குரு மட்டும் எப்படித் தொடர்ந்து ஆறு மேட்ச் சரியாகச் சொல்கிறார்? 6,400 பேருக்கு மெசேஜ் அனுப்பினால் போதும். பாதிப் பேரிடம் 'இவர் ஜெயிப்பார்', மீதிப் பேரிடம் 'அவர் ஜெயிப்பார்'. சரியான பதில் கிடைத்த 3,200 பேரை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி பாதி பாதி. ஆறாவது மேட்ச் முடியும்போது, ஆறும் சரியாகப் பார்த்த 100 பேர் மிஞ்சுவார்கள். அந்த 100 பேரிடம்தான் வி.ஐ.பி குரூப்புக்குக் கட்டணம் கேட்பார்கள்.

சட்டத்துக்கு வருவோம். ஓசூர்க்காரர்களுக்கு ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் வேறு சட்டம் என்பது பழகிய விஷயம். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-ல் தடை, கர்நாடகத்தில் 2007-ல்தான். ஆன்லைன் விளையாட்டிலும் இதே கண்ணாமூச்சி நடந்தது. தமிழ்நாட்டின் 2020 நவம்பர் அவசரச் சட்டமும் அதன் பின்வந்த சட்டமும் 2021 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரத்தாயின. அதே ஆண்டு அக்டோபரில் கர்நாடகம் தடை கொண்டுவந்தது, அதுவும் 2022 பிப்ரவரியில் ரத்து. ரம்மிக்கு ஒருகாலத்தில் அத்திப்பள்ளி பக்கம் அனுமதி, பிறகு ஓசூர் பக்கம் அனுமதி என்று எல்லை புரண்டு புரண்டு படுத்தது.

அந்த நினைப்பில் இன்றும் சிலர், "பார்டர் தாண்டி ஆடினா பிரச்னை இல்ல" என்கிறார்கள். அப்படி இல்லை. 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்ற தமிழ்நாட்டுச் சட்டப்படி, ஆன்லைனில் பந்தயம் கட்டுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரம்மி, போக்கர் இரண்டும் திறமை ஆட்டங்கள் என்று அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் விலக்கியது. டென்னிஸ்மேல் பந்தயம் கட்டுவதற்கு அந்த விலக்கு கிடைக்கவில்லை. 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த மத்தியச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் நாடு முழுக்கத் தடை செய்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். அதில் ஆடுபவருக்குத் தண்டனை கிடையாது என்பது உண்மை. மாநிலச் சட்டத்தில் உண்டு என்பதும் உண்மை.

தடை வந்த பிறகும் வெளிநாட்டில் இருந்து இயங்கும் தளங்கள் பெயரை மாற்றி மாற்றி வருகின்றன. உள்ளே பணம் போடுவது நொடியில் முடியும். வெளியே எடுக்கத்தான் விதிகள். '5,000 ரூபாய் போனஸ்' என்பார்கள். அதை எடுக்க அதன் பத்து மடங்கு, அதாவது 50,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்டியிருக்க வேண்டும் என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும். ஆரம்பத்தில் பார்த்த 5 சதவிகிதத்தை 50,000-க்குப் போட்டால் 2,500. பாதி போனஸ் அங்கேயே கரைந்தது.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிய பயமாகப் படுவது சம்பள அக்கவுன்ட். இந்தத் தளங்கள் பணம் வாங்குவதும் கொடுப்பதும் பெரும்பாலும் யார் யாரோ பெயரில் உள்ள வாடகைக் கணக்குகள் வழியாக. அதே கணக்கில் வேறு ஏதோ சைபர் மோசடிப் பணமும் வந்து போயிருக்கும். போலீஸ் அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வரும்போது, நீங்கள் 'ஜெயித்து' எடுத்த 1,900 ரூபாய்க்காக உங்கள் கணக்கும் முடங்கலாம். மாதம் பிறந்து சம்பளம் ஏறியிருக்கும், ஏ.டி.எம்-மில் எடுக்க முடியாது. "உன் பாஸ்புக், ஏ.டி.எம் கார்டைக் கொடு, மாசம் இவ்வளவு தர்றேன்" என்று ரூம்களுக்கு வருபவர்கள் தேடுவதும் இந்த வாடகைக் கணக்குகளைத்தான். கொடுத்தவர் வழக்கில் குற்றவாளியாகவே சேர்க்கப்படலாம்.

கணக்கு முடங்கிவிட்டால் முதலில் வங்கிக் கிளைக்குப் போய், எந்த ஊர் போலீஸ், எந்தப் புகார் எண் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் வேறு மாநில சைபர் கிரைம் ஸ்டேஷனாக இருக்கும். அந்தப் பரிவர்த்தனையின் விவரத்தோடு அவர்களுக்குத்தான் விளக்கம் அனுப்ப வேண்டும். 'கணக்கைத் திறந்து தருகிறோம்' என்று போனில் பணம் கேட்பவர்கள் வேறு கும்பல். ஆப்பில் பணம் ஏமாந்திருந்தால், பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. விட முடியவில்லை, தூக்கம் போய்விட்டது, வீட்டில் சொல்லவும் பயம் என்றால் 14416. டெலி மனஸ், அரசு நடத்தும் இலவச மனநல ஆலோசனை எண், 24 மணி நேரமும் உண்டு. தமிழில் பேசலாம். நைட் ஷிஃப்ட் இடைவேளையிலும் கூப்பிடலாம்.